பீரோ முதல் ஊஞ்சல் வரை: வீடு மாறும்போது சாமான்களைக் கீறல் விழாமல் கொண்டுசேர்க்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுத் தேக்கு மேசையின் பின்கால் ஒன்றில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது. பசை வைத்து ஒட்டி, பாலிஷும் அடித்தாயிற்று. ஆனாலும் தடவிப் பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்து மதுரை வரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர், இரவு முழுவதும் லாரியில் குலுங்கி வந்தபோது அந்த மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் இறக்கி, புது வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போதுதான் கால் போயிற்று. தூக்கி வந்தவர்கள் இருவர். முன்னால் இருந்தவர் படியேறிவிட்டார். பின்னால் இருந்தவர் களைப்பில் ஒரு கணம் கீழே வைத்தார். மேசையின் மொத்தப் பாரமும் சாய்வாக ஒரே காலில் இறங்கியது. சடக்கென்ற சத்தம் அடுப்படி வரை கேட்டது.

அதற்குப் பிறகு நான்கு முறை வீடு மாறிவிட்டேன். நெடுஞ்சாலையில் சேதமானதைவிட வாசலிலும் படிக்கட்டிலும் சேதமானதுதான் என் கணக்கில் அதிகம். ஆகவே அட்டைப்பெட்டி வாங்குவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு

வீடு மாற இரண்டு வாரம் இருக்கும்போதே பெரிய சாமான்கள் ஒவ்வொன்றின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு புது வீட்டுக்குப் போய் வாசற்கதவு, அறைக்கதவுகள், படிக்கட்டின் அகலம், படி திரும்பும் இடம், லிஃப்ட்டின் உட்புறம் எல்லாவற்றையும் அளந்து வாருங்கள். மூன்றடிக் கதவு என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் சொல்வது பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. நிலைச்சட்டங்களின் கனம் போக, திறந்து நிற்கும் கதவின் கனமும் போக, கையில் கிடைப்பது இரண்டரை அடிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அந்த ஓர் அங்குலம் தேவைப்பட்டால் கதவைக் கீலிலிருந்து கழற்றிவிடலாம். பத்து நிமிட வேலை.

உயரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்கவைத்து அறைக்குள் கொண்டுபோய்விடலாம். ஆனால் நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 7 அடி மூன்றரை அங்குலம். அறையின் கூரை உயரமாக இருந்தாலும், பரணுக்குக் கீழேயோ மின்விசிறிக்குக் கீழேயோ நிமிர்த்த முயன்றால் இடிக்கும். எந்த இடத்தில் நிமிர்த்துவது, அங்கிருந்து எந்தப் பக்கமாக நகர்த்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால் அன்றைக்குக் கூச்சல் குறையும்.

அளந்த கையோடு எதை விட்டுச் செல்வது என்றும் முடிவெடுங்கள். அடியில் ஈரம் ஏறி உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அலமாரி இன்னொரு பயணத்தைத் தாங்காது. கரையான் அரித்த மரத்தைப் புது வீட்டுக்குச் சீர்வரிசையாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் இப்போதே விளக்கடித்துப் பாருங்கள்.

நாளும் வண்டியும்

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலோர் குடி போக மாட்டார்கள். அதனால் தையும் ஆவணியும் பிறந்ததும் எல்லோரும் ஒரே முகூர்த்த நாளில் வண்டி தேடுகிறார்கள். அன்றைக்கு வரும் ஆட்களுக்கு மாலையில் இன்னொரு வீடு காத்திருக்கும், அவசரத்தில் தூக்குவார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஆடி மாதம் நல்ல மாதம். நம்பிக்கை உள்ளவர்கள் நல்ல நாளில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை நான்கு நாள் தள்ளி ஒரு வார நாளில் ஏற்றலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளூர் மாற்றத்துக்குக் குட்டி யானை போதும். 2005-இல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த அந்தச் சிறு வண்டிக்கு நம் ஊர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அதன் தட்டு ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஒரே நடையில் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இரண்டு நடை வைத்துக்கொள்ளுங்கள். டீசல் செலவைவிடக் கண்ணாடி விலை அதிகம். வெளியூருக்கு, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதானால் மூடிய வண்டியாகப் பாருங்கள். தார்ப்பாய் என்னதான் நல்லதானாலும் ஓடும் வண்டியில் அதன் ஓரம் படபடத்துக்கொண்டேதான் இருக்கும்.

எதைக் கொண்டு சுற்றுவது

கடையில் வாங்க வேண்டியவை நெளி அட்டைச் சுருள், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் (இழுத்துச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்), பபிள் ஷீட், மாஸ்கிங் டேப், பிரவுன் டேப், பருத்த கயிறு. சென்னையில் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் இவை சுருள் சுருளாகக் கிடைக்கும். வீட்டிலேயே இருப்பவை இவற்றைவிட முக்கியமானவை: பழைய போர்வைகள், கிழிந்த பவானி ஜமுக்காளம், நைந்த வேட்டி, பருத்திப் புடவைகள். ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே எதையும் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சுற்றும் வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. மரத்தின் மேல் முதலில் துணி. துணியின் மேல் நெளி அட்டை. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தக் கடைசியில் ஃபிலிம். பாலிஷ் போட்ட மரத்தில் பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டு வெயிலில் ஒரு நாள் நின்றால், உள்ளே வியர்த்துப் பாலிஷ் வெளுத்துப்போகும். பபிள் ஷீட்டை நேரடியாகச் சுற்றினால், குமிழ்கள் ஒவ்வொன்றும் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிடும். என் மாமா வீட்டு அலமாரிக் கதவில் அம்மைத் தழும்பு போல அந்த வட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

பிரவுன் டேப் அட்டையில்தான் ஒட்ட வேண்டும். மரத்திலோ சன்மைக்காவிலோ ஒட்டிப் பிரித்தால் பசை தங்கும். சில சமயம் பாலிஷே உரிந்து வரும். மரத்தைத் தொட வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப், அதுவும் உட்புறத்தில், அதிகம் போனால் இரண்டு நாளுக்கு. செய்தித்தாளைப் பெட்டிக்குள் இடைவெளி அடைக்கப் பயன்படுத்தலாம். வெளிர் நிற சோபாத் துணியிலோ வெள்ளைப் பெயின்டிலோ பட்டால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய சாக்கை உதறாமல் கொண்டுவந்தால் கூடவே பூச்சியும் வரும்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மூட்டுகளை அருகில் வைத்து எடுங்கள். எந்தத் துளையில் எந்தத் திருகு என்று தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்கள்: ‘பெரிய கட்டில், தலைமாடு, இடது’ என்பது போல. ‘1’, ‘2’ என்று வெறும் எண் போட்டால் இரண்டு கட்டில்கள் உள்ள வீட்டில் இரவு பதினோரு மணிக்கு யாருக்கும் ஒன்றும் புரியாது. திருகுகளையும் நட்டுகளையும் ஜிப் உறையில் போட்டு, அந்தந்தச் சாமானின் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். எல்லாத் திருகுகளையும் ஒரே டப்பாவில் போடுகிற புத்திசாலித்தனத்தை நானும் ஒருமுறை செய்தேன். கடைசியில் மூன்று மிஞ்சின. அவை எதனுடையவை என்று இதுவரை தெரியவில்லை.

பழைய தேக்குக் கட்டில்களில் பக்கச் சட்டம் கால்களோடு கொக்கித் தகட்டிலோ நீண்ட போல்ட்டிலோ மாட்டியிருக்கும். கொக்கி வகையைக் கழற்றச் சட்டத்தை அடியிலிருந்து மேல்நோக்கித் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் மரம் குழியும். நடுவே ஒரு கட்டைத் துண்டையும் மடித்த துணியையும் வைத்துத் தட்டுங்கள். இரண்டு முனைகளையும் மாறி மாறித் தட்ட வேண்டும். ஒரு முனை மட்டும் முழுதாக வெளியே வந்துவிட்டால் மறுமுனைக் கொக்கி முறுக்கிக்கொண்டு தகட்டையே பிய்த்துவிடும்.

இணையத்தில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு சாமான்களுக்கு வேறு வைத்தியம். அவற்றின் மூட்டில் வட்டமாகத் தெரியும் சிறு உருளையை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினால் உள்ளிருக்கும் ஊசி விடுபடும். அதற்கு மேல் முறுக்கினால் மரத்தூள்தான் உதிரும். பலகையில் நேரடியாக இறங்கியிருக்கும் திருகுகளை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் துளை தளர்கிறது. ஆகவே வாசலில் நுழையுமானால் சின்ன மேசையையும் புத்தகத் தட்டையும் முழுதாகவே கொண்டுபோகலாம். உயரமான அலமாரியை மட்டும் கட்டாயம் பிரித்துவிட வேண்டும். தூக்கும்போது பக்கவாட்டில் கோணினால் பின்பக்க மெல்லிய அட்டை கிழிந்து, பெட்டி முழுவதும் சாய்சதுரமாகிவிடும்.

மேசைக்குக் கால்கள் போல்ட் வகையானால் கழற்றுங்கள். ஒட்டு வகையானால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் துணி சுற்றி அட்டை கட்டுங்கள். தூக்கும்போது பிடிக்க வேண்டியது பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்தை. இழுக்கவே கூடாது, ஓய்வெடுக்க வேண்டுமானால் நான்கு கால்களும் ஒன்றாகத் தரையில் படும்படி இறக்க வேண்டும். எங்கள் மேசைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பீரோ

இரும்பு பீரோவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். காலியாக இருந்தாலே இருவரைத் திணறவைக்கும் எடை அது. துணிமணியோடு அப்படியே தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே கழலும் தட்டுகளை எடுத்துக் கட்டி, தனியே வையுங்கள். கதவைப் பூட்டி, சாவியை உருவிவிடுங்கள். பூட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சாவி முதல் சுவரிலேயே வளைந்து உள்ளே முறியும். சாவி உங்கள் சட்டைப் பையில்தான் வர வேண்டும். கதவில் கண்ணாடி பதித்த பீரோவானால் அதன் மேல் போர்வை, அட்டை, பிறகு ஃபிலிம். எட்டு மூலைகளுக்கும் மடித்த அட்டை. மூலையில் அடி பட்டால் தகடு நசுங்கும். நசுங்கினால் கதவு பிறகு சேராது.

மாம்பலத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் தளத்திலிருந்து எங்கள் பீரோவை இறக்க வந்த நால்வரில் ஒருவர் அறுபதை நெருங்கியவர். மற்றவர்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்க, அவர் வெறுங்கையோடு படியிறங்கி ஒருமுறை கீழே போய்விட்டு வந்தார். படி திரும்பும் இடத்தைக் கைச்சாணால் அளந்தார். அங்கிருந்த துளசித் தொட்டியையும் செருப்பு ஸ்டாண்டையும் எடுக்கச் சொன்னார். எந்தப் படியின் விளிம்பு உடைந்திருக்கிறது என்று ஆட்களுக்குக் காட்டினார். பிறகு மடித்த சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு, பாரம் அதிகம் வரும் கீழ்முனைக்குத் தானே போனார். மேலே இருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பக்கவாட்டில் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே தலையணையைப் பிடித்தபடி வந்தார். நான் உற்சாகத்தில் “இடது பக்கம், இடது பக்கம்” என்று குரல் கொடுத்தேன். பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். “நீங்கள் பேசாமல் இருங்கள் சார், ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான்” என்றார். அதன்பின் அவர் குரல் மட்டுமே கேட்டது. இருபது நிமிடம் ஆயிற்று. சுவரில்கூட ஒரு கோடு விழவில்லை.

அன்றிலிருந்து நான் பேரம் பேசும்போது கூலியைக் குறைக்கக் கேட்பதில்லை, ஒரு ஆள் கூடுதலாகக் கேட்கிறேன். பீரோவுக்கும் கல் பலகை வைத்த மேசைக்கும் நால்வர் வேண்டும்.

கண்ணாடி, கல், படம்

கண்ணாடியைப் படுக்கவைத்தால் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே நடுவில் விட்டுவிடும். எப்போதும் செங்குத்தாக, நீளமான விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். டிரெஸ்ஸிங் டேபிளின் கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். டேப் உடைவதைத் தடுக்காது. உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் துணி, இருபுறமும் கண்ணாடியைவிட இரண்டு அங்குலம் பெரிய நெளி அட்டை, வெளியே பெரிய எழுத்தில் ‘கண்ணாடி’ என்று தமிழில். ஆங்கிலத்தில் எழுதி அழகு பார்ப்பதில் பயனில்லை. உடன் வருபவர்களில் இந்தி மட்டும் படிப்பவர் இருந்தால் ஒரு கோப்பைப் படம் வரைந்துவிடுங்கள். டீப்பாயின் கண்ணாடிக்கும் சாப்பாட்டு மேசையின் கிரானைட் பலகைக்கும் இதே முறைதான். நிமிர்த்தி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே. கல்லைக் கிடைமட்டமாகத் தூக்கினாலே அதன் எடையே அதை முறித்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் லாரியில் ஏற்றாதீர்கள். அதில் உள்ள சுண்ணப் புடைப்பும் தங்கத்தாளும் அழுத்தத்தையும் ஈரத்தையும் தாங்காதவை. பருத்தித் துணியில் சுற்றி, காரில் பின்னிருக்கையில் நிறுத்தி, பக்கத்தில் யாராவது உட்கார்ந்து வரலாம். சாமி படங்களுக்கும் அந்த இருக்கையிலேயே இடம் கொடுத்துவிட்டால் பாட்டியின் மனத்தாங்கலும் தீரும்.

சோபா, மெத்தை, ஊஞ்சல்

சோபாவின் கால்கள் பெரும்பாலும் திருகினால் கழலும். கழற்றினால் நான்கு அங்குலம் மிச்சம். வாசலில் நுழையாவிட்டால் அதை ஒரு கைப்பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, முதுகுப்புறத்தை முதலில் நுழைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். தோல், ரெக்சின் வகைகளுக்குப் போர்வை சுற்றாமல் பிளாஸ்டிக் போடாதீர்கள்.

மெத்தைக்கு ஒரு முழு உறை. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டலாம். ஸ்பிரிங் மெத்தையை மடிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்கு அணையாக நல்ல மெத்தையை வைப்பார்கள். பழைய மெத்தையைக் காட்டிவிடுங்கள்.

ஊஞ்சல் பலகை தட்டையானதுதான், ஆனால் அதன் நான்கு மூலை வளையங்கள்தான் மற்ற சாமான்களைக் கீறும் பகைவர்கள். அவற்றில் சாக்குத் துண்டைச் சுற்றுங்கள். சங்கிலிகளின் நீளம் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வேறுபடலாம். எந்தச் சங்கிலி எந்த மூலை என்று சீட்டுக் கட்டாமல் போனால் புது வீட்டில் ஊஞ்சல் ஒரு பக்கம் சாய்ந்தே ஆடும். அதற்கு முன் புது வீட்டுக் கூரையில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றுவது

கனமானவை டிரைவர் பகுதியை ஒட்டிய முன்சுவரோரம். பீரோ நிமிர்ந்த நிலையில், கதவு சுவரைப் பார்த்தபடி. ஃப்ரிட்ஜும் நிமிர்ந்தே போக வேண்டும். பீரோ ஒரு பக்கம், ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் மறுபக்கம் என்று பாரத்தைப் பிரியுங்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் தட்டின் தரையில், சாக்கின் மேல், முன்மூலையில். அவை உருண்டால் எதையும் மிச்சம் வைக்காது. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினானால், வாங்கியபோது பின்னால் இருந்த போல்ட்டுகளைத் தேடி மறுபடி மாட்டுங்கள். அவை இல்லாமல் உள் டிரம் வழி முழுவதும் ஆடிக்கொண்டே வரும்.

மேசையைத் தலைகீழாக, போர்வையின் மேல் கவிழ்த்து வைத்தால் கால்களுக்கு நடுவில் தலையணை மூட்டைகளை அடைக்கலாம். எங்கெல்லாம் இடைவெளி தெரிகிறதோ அங்கெல்லாம் துணி மூட்டை. இரண்டு சாமான்கள் நடுவே கை நுழைந்தால் அவை திண்டிவனத்துக்குள் ஒன்றோடொன்று உரசிவிடும். வண்டி மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதெல்லாம் குறுக்கே ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஏற்றியபின் வெளியே ஒரே கயிறு போட்டு இறுக்கினால் உள்ளே எதுவும் நிற்காது. கயிறு மரத்தில் படும் இடத்தில் அட்டை மடிப்பு. கட்டில் பாகங்களும் கருவிப் பையும் கடைசியாக ஏற வேண்டும். அப்போதுதான் முதலில் இறங்கும்.

தார்ப்பாயை முன்பக்கம் மேலும் பின்பக்கம் கீழுமாக மடியுங்கள், காற்றும் மழையும் உள்ளே புகாதபடி. ஏற்றும்போதே ஒரு பட்டியல். ஏற்கெனவே உள்ள கீறல்களுக்கு டிரைவர் முன்னிலையில் படம். நிறுவனம் மூலம் போனால், பயணக் காப்பீட்டில் நீங்களே கட்டிய பெட்டிகள் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் சேராது. இறக்கி முடித்ததும் நீட்டும் தாளில், சேதத்தைக் குறிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மேசையின் விரிசலை நான் காலையில் நிறுவனத்தில் போய்ச் சொன்னபோது, “நீங்கள்தான் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள்.

இறக்கியபின்

ஃபிலிமை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பெட்டிகள் ஒரு வாரம் காத்திருக்கலாம், மரம் காத்திருக்காது. ஃப்ரிட்ஜ் வழியில் சாய்ந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்தபிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். கட்டிலைப் பூட்டும்போது எல்லாத் திருகுகளையும் முதலில் கையால் பாதி முடுக்கி, நான்கு மூலையும் சேர்ந்தபின் கருவியால் இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேராக வராது. துளை தளர்ந்திருந்தால் மருந்து நீக்கிய இரண்டு தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து உள்ளே செருகி, காய்ந்தபின் திருகை ஏற்றுங்கள். திடமான மரத்தில் நன்றாக நிற்கும். பார்ட்டிகிள் போர்டில் ஓரளவுக்கு.

பீரோவின் கதவு புது வீட்டில் திடீரென்று சேரவில்லையா? வழியில் கோணிவிட்டது என்று பயந்து ஆளைக் கூப்பிடுமுன் தரையைச் சந்தேகியுங்கள். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பாருங்கள். பிறகு இன்னொரு மடிப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பீரோவின் வலது முன்காலுக்குக் கீழே இன்றும் ஒரு திருமணப் பத்திரிகை நான்காக மடிந்து கிடக்கிறது.